அவித்த சோளம்

ஞாயிற்றுக்கிழமை திருகோணமலைக் கழகத்தில் துப்பாக்கிச் சுடும் போட்டி. அதற்காக ஜெயரூபி, சுட்டுக் கறுத்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் துலக்கி மீண்டும் நிரப்ப வேண்டும். துலக்க, கூடுகளை ஏதாவது தூளோடு உருளையில் போட்டுச் சுழற்ற வேண்டும். மணல் ஆகாது, கீறும். அரிசி துளையில் சிக்கும். யோசித்து, கப்பல்துறை வீதியோரம் தின்றெறிந்த சோளத் தக்கைகளைப் பொறுக்கி, காயவைத்து இடித்தாள்.

துலக்கிய இரண்டாம் நாள் கூடுகளில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன.

ஆயுதப் பொறுப்பாளர் ஹிஸ்புல்லா மிஞ்சிய தூளை நாக்கில் வைத்தார்.

“தங்கச்சி, இது அவிச்ச சோளமெல்லோ? கடைக்காரன் உப்பை அள்ளிப் போட்டிருக்கிறான்.”

“கழுவிப்போட்டு நிரப்ப ஏலாதா, நானா?” என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள்.

“உப்பு ஆழமா அரிச்ச கூடு சுடேக்க வெடிச்சிடும். அரிச்சது எவ்வளவு ஆழமெண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

ஜெயரூபி ஒரு கூட்டை வெளிச்சத்தில் நெடுநேரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு போட்டிப் பட்டியலை வாங்கித் தன் பெயரை வெட்டினாள்.