ஐந்தாவது வால்வும் அண்ணியின் கட்டைவிரலும்

அண்ணியின் டியூபா, மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளைக் கருவி, படிக்கட்டில் உருண்டு, வாய் நசுங்கி, பழுதுபார்க்கும் கடைக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை கச்சேரி. இசைக்குழுவில் ஓராண்டாகத் தற்காலிகமாக வாசிக்கும் அண்ணிக்கு அதுதான் கடைசிச் சோதனை. அன்று பிசகினால் வேலை நிரந்தரமாகாது.

மறுநாளே இரவல் டியூபா ஒன்று கிடைத்தது. அண்ணி அதை மடியில் சாய்த்து ஊதியதுமே, கூடத்தில் அலுவலகக் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்த நாத்தனார் தலைதூக்கினாள்.

"என்ன அண்ணி, கப்பல் முழுகுற மாதிரி கேக்குது?"

"முழுகுறது நான்தான். இதுல அஞ்சாவது வால்வு வேற மாதிரி."

அண்ணியின் சொந்த டியூபாவில் கட்டைவிரலால் அழுத்தும் ஐந்தாவது வால்வு, சுரத்தை ஒரு படி தாழ்த்தும். இதில் இரண்டு படி. பதினான்கு ஆண்டுகளாக நாலையும் ஐந்தையும் சேர்த்து அழுத்தி எடுத்த அடிச்சுரம், இங்கே இன்னும் ஒரு படி கீழே போய் விழுந்தது.

"அப்ப அந்த அஞ்சாவதத் தொடாமலே ஊதுங்களேன்."

"உன் கீபோர்டுல நாலு எழுத்த இடம் மாத்தி வச்சுட்டு, அதெல்லாம் தொடாம டைப் பண்ணுன்னு சொன்னா?"

நாத்தனார் தன் கடிதத்துக்குத் திரும்பினாள்.

அண்ணி தாளில் விரல் எண்கள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. "எழுதி வச்சா கண்ணு படிச்சுடும், விரல் படிக்காது" என்றார். அடிச்சுரத்துக்கு மட்டும் ஐந்தாவதை விட்டுவிட்டு முதலாவதையும் நாலாவதையும் சேர்த்தார்; மற்ற இடங்களில் ஐந்தாவதின் இரண்டு படிக்குக் கட்டைவிரலைப் பழக்கினார். ஒவ்வொரு சுரத்தையும் முதலில் வாயால் பாடி, பிறகே அழுத்தினார். துணி மடிக்கும்போதும் கட்டைவிரல் தானாக வளைந்து நிமிர்ந்தது. வியாழனன்று நாத்தனாருக்கு ஒரு வேலை வைத்தார்.

"நான் வாசிக்கும்போது நல்லாத் திட்டு. மனசு கலங்கினாலும் விரல் கலங்கக் கூடாது."

நாத்தனாருக்குக் கரும்பு தின்னக் கூலியா? "எங்க அண்ணனக் கைக்குள்ள போட்டுக்கிட்டீங்க! உங்க சாம்பாரப் பூனைகூட மோந்து பாக்காது!" என்று மூச்சுவிடாமல் பொழிந்தாள். அண்ணியின் முகம் சிவந்தது. சுரம் அசையவில்லை. திட்டிக்கொண்டே நாத்தனார் மனசுக்குள் அண்ணியைக் கும்பிட்டாள்.

வெள்ளி மதியம் அண்ணன் வியர்க்க விறுவிறுக்க வந்தான். "பழசு ரெடியாயிடுச்சு! கடைக்காரன விடாம நச்சரிச்சு வாங்கிட்டேன்!"

அப்பாடா என்றிருந்தது நாத்தனாருக்கு. அண்ணி சொந்த டியூபாவை ஆசையோடு தடவிவிட்டு ஊதினார். கட்டைவிரல் புதுப்பழக்கத்திலேயே போக, சுரம் ஒரு படி மேலே நின்றது. நாலே சுரம், டியூபாவைக் கீழே வைத்துவிட்டார்.

"விரல் இப்ப அங்க குடிபோயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள மறுபடி சாமான் ஏத்த முடியாது. இரவலையே வாசிக்கிறேன்."

"அப்ப நான் எதுக்கு இந்த யானையத் தூக்கிட்டு வந்தேன்?"

"கோவிச்சுக்காதீங்க. திங்கக்கிழமை பழையபடி இதுக்குத் திரும்பணும்ல."

நாத்தனார் மலைத்துப் போனாள். கைக்கு வந்த சொந்தப் பொருளை, தன் விரலின் உண்மை தெரிந்து ஒதுக்கிவைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

கச்சேரியில் மற்ற கருவிகள் அடங்கி, டியூபா மட்டும் படிப்படியாக இறங்கும் இடம் வந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த நாத்தனார் அந்தக் கட்டைவிரலையே பார்த்தாள். அடிச்சுரத்தில் அது அசையாமல் ஒதுங்கி நின்றது. முதல் வால்வும் நாலாவதும் இறங்கின, சுருதி சேர, இடது கை ஒரு குழாயை இம்மியளவு வெளியே இழுத்தது. சுரம் அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. நாற்காலியின் கால்கள் அதிர்ந்தன.

முடிந்ததும் இசைக்குழுத் தலைவர் வந்தார். "இன்னைக்கு உங்க சத்தம் வேற மாதிரி இருந்துச்சே?"

"இரவல் டியூபா சார். அஞ்சாவது வால்வு வேற."

அவர் டியூபாவைப் பார்த்தார், அண்ணியின் கையைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"மூணு நாளா."

"திங்கக்கிழமை வந்து நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடுங்க. எந்த டியூபாவோட வேணாலும் வாங்க."

அண்ணி டியூபாப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.