ஒரு சொம்பு வடிகால்

தங்கப்பாண்டியன் குளிர்பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் அதன் அடியில் நான்காவது செங்கல் அடுக்கைச் செருகினார்கள். உள்ளே அவன் அக்காவின் கணவர் சீனிவாசகம், இந்த வீட்டில் முதன்முறையாக ஒரு மழைநாளில் நனையாமல் படுத்திருந்தார். தரையில் கணுக்கால் தண்ணீர். கரண்ட்டை நிறுத்திவிட்டதால் குளிர்பெட்டி இப்போது வெறும் கண்ணாடிப்பெட்டி.

எட்டு வருஷத்துக்கு முன் சித்திரை வெயிலில் வாங்கிய மனை. ஊரே வாஸ்து பார்க்கும்போது தான் மட்டும் வடிகால் பார்த்ததாக அத்தானுக்குப் பெருமை. பார்த்த விதம் இது: வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். விரிசல் அதைக் குடித்துவிட்டது.

"எங்கன போச்சுன்னே தெரியல மாப்ளே. எம்புட்டு மழை பேஞ்சாலும் நிக்காது."

முதல் மழையில் கரிசல் உப்பி, விரிசலை மூடிக்கொண்டது. இரண்டாம் வருஷம் அடுப்படிக்கு வந்த கெளுத்தி மீன் சிலிண்டருக்குப் பின்னால் நான்கு நாள் குடியிருந்தது. வந்தவர்களிடம், தானே வளர்ப்பதாகச் சொன்னார் அத்தான். பெயரும் வைத்திருந்தார்.

"யக்கா, திருத்தங்கலுக்குக் கொண்டு போயிருவம். என் அச்சாபீஸ் ஷெட்டு காலியாத்தான் கெடக்கு."

அக்கா பத்திரகாளி பெஞ்சின் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். "இங்கருந்துதான் போணும்."

"எதுக்கு? வாரவுக அம்புட்டுப் பேரும் பாத்துச் சிரிக்கவா?"

"கொண்டு போனா எடம் சரியில்லன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்லே. அந்த மனுசன் ஒரு நாளும் ஒத்துக்கலையே."

"ஒத்துக்கிட்டிருந்தா நீ ஒளுங்கா ஒறங்கியிருப்பே."

அவள் தண்ணீரில் தொங்கிய முந்தானையை எடுத்துப் பிழிந்தாள்.

நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்க, குடத்தோடு இரண்டு தெரு தள்ளி அடிகுழாய்க்குப் போனார்கள். வீட்டுக்குள் இருந்த தண்ணீர் பிணத்தைக் குளிப்பாட்டக்கூட ஆகாது.

அப்போதுதான் ஆலங்குளத்து ராஜபாண்டியன் வந்தார். சீனிவாசகத்தின் பங்காளி, இந்த இடம் வேண்டாமென்று அன்றைக்கே சொன்னவர். ஒரு கையில் மாலை, ஒரு கையில் செருப்பு. முகத்தில் அப்படியொரு நிறைவு.

"என்னப்பா தங்கப்பாண்டி, பள்ளம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாரா மனுசன்?"

ஒப்பாரி நின்றது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எட்டு வருஷமாக இதையே, இதைவிட மோசமாக, தங்கப்பாண்டியன் சொல்லி வந்திருக்கிறான்.

"பள்ளமெல்லாம் இல்லண்ணே," என்றான். "நேத்து மெயின் பைப்பு ஒடஞ்சிருச்சு. சரி பண்ண ஆள் வந்துக்கிட்டு இருக்காக."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ராஜபாண்டியன் மழையைப் பார்த்தார். பிறகு தங்கப்பாண்டியனைப் பார்த்தார்.

"பைப்பா?"

"பெரிய பைப்புண்ணே."

அக்கா நிமிரவில்லை. ஆனால் அழ ஆரம்பித்தாள்.

பாடையைத் தூக்கிய நால்வரும் காலால் தடவித் தடவி நடந்தார்கள். தெருவில் எங்கெங்கே குழி என்று தங்கப்பாண்டியனுக்குத் தெரியும். எல்லாம் திட்டிக்கொண்டே வந்துபோன வழிதான். அவன் முன்னால் போய் ஒவ்வொரு குழியாக இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில், பாடை தன்னைத் தாண்டிப் போகும்வரை நின்றான்.