மூவாயிரத்தில் ஒன்று

இரண்டாவது அடியில் கண்ணாடி உடைந்தது. முதல் அடி அவள் தம்பியின் வாயில் விழுந்திருந்தது. இரண்டாவதற்கு அவன் விலகிக்கொள்ள, கணவனின் முழங்கை கடைமேசைக் கண்ணாடியில் இறங்கியது. உள்ளே அடுக்கியிருந்த கையடக்க விளையாட்டுக் கருவிகள்மேல் சில்லுகள் கொட்டின. மூன்றாவது முறை கணவன் கையை நம்பவில்லை. தம்பியின் காலரைப் பிடித்து இழுத்து, அவன் தலையை இரும்பு அலமாரியின் முனையில் மோதினான்.

“உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா. மூணு வருஷம்டா. மூணு வருஷம் உட்கார்ந்து எழுதின விளையாட்டை மூவாயிரத்துல ஒண்ணா போட்டு விக்கிற.”

அவள் கடை வாசலில் மூச்சிரைக்க நின்றாள். கணவன் பின்னால் மூன்று தெரு ஓடிவந்ததில் ஒரு செருப்பு வழியிலேயே போயிருந்தது. அன்று காலை தேநீர்க் கடையில் பழைய நண்பன் ஒருவன் தன் புதுக் கருவியைக் காட்டி, “உன் விளையாட்டு இதுலயும் இருக்கே, நீயே கொடுத்தியா?” என்று கேட்டிருக்கிறான். எங்கே வாங்கினாய் என்று கணவன் கேட்டதற்கு மைத்துனன் கடையைச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்து மேசையை உதைத்துத் தள்ளிவிட்டு இங்கே வந்துவிட்டான்.

“என் கம்ப்யூட்டர்ல எப்படா கை வச்ச?”

தம்பி உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். பதில் சொல்லுமுன் அக்காவைப் பார்த்தான். அவள் வாய் திறக்கவில்லை. ‘நான்தான் கொடுத்தேன்’ என்ற இரண்டே சொல்தான். அதைச் சொன்னால் அடுத்த அடி யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

“நான்தான் மாமா எடுத்தேன். தப்புதான்” என்றான் தம்பி.

கணவன் மறுபடி அவன் தலையை அதே முனையில் மோதினான். பிறகு கை ஓய்ந்ததும் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான்.

கடைத்தெருவில் தம்பிக்குப் பொத்தான் என்று பெயர். விளையாட்டுக் கருவிகளில் தேய்ந்துபோன பொத்தான்களை மாற்றித் தருவதில் ஆரம்பித்தவன் அவன். பிறகு, பழைய கருவிகளைப்போல நடிக்கும் மென்பொருளைப் புதுக் கருவிகளில் ஏற்றி, எந்தக் கடையிலும் கிடைக்காத பழைய விளையாட்டுகளை அதில் ஓடவைத்து விற்றான். ஒரு மெமரி கார்டுக்கு மூவாயிரம் விளையாட்டு. இதைத் திருட்டு என்பவர்கள் உண்டு, புண்ணியம் என்பவர்களும் உண்டு. அவனுக்கு மட்டும் ஒரு கணக்கு இருந்தது. செத்துப்போன விளையாட்டை எழுப்புவான், உயிரோடு கடையில் விற்கிறதைத் தொடமாட்டான். புது விளையாட்டு கேட்டு வருபவர்களைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்புவான். கள்ளனுக்குக் கொள்கை வேறயா என்று பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர் தினமும் சிரிப்பார்.

மதியம் இரண்டு மணி ஆகியும் அக்காவும் தம்பியும் கருவிகளுக்கு இடையில் குனிந்து சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் ஈரத்துணியைத் தலையில் சுற்றியிருந்தான். காயத்தில் ரத்தம் அதிகம் இல்லை. அதுதான் அவளை ஏமாற்றியது.

“மாமாவுக்கு எழுத்தைவிட அடி நல்லா வருது” என்றான்.

“ஏண்டா பொய் சொன்ன?”

“நீ சும்மா நின்னியே, அதனாலதான்.”

அவளுக்கு முகம் எரிந்தது. கணவனின் விளையாட்டு வெளியான அன்று தம்பி சாப்பிட வந்திருந்தான். கணவன் குளிக்கப் போன நேரத்தில், குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பதுபோல் அதையும் எடுத்து அவன் கார்டில் போட்டுக் கொடுத்தாள். காசு கொடுத்து வாங்கிக்கிறேன் அக்கா என்று அவன் சொன்னான். உன்கிட்ட நான் காசு வாங்குவேனா, போடா என்றாள்.

“அது எப்படி எல்லாருக்கும் போச்சு?”

“ரெண்டு நாள் அதைத்தான் விளையாடிக்கிட்டிருந்தேன். மூணாம் நாள் நாற்பது கார்டு நகலெடுக்கணும். நகலெடுக்கிற பெட்டியில சொருகுற தாய்க் கார்டும் என் கார்டும் ஒரே கறுப்பு, ரெண்டுலயும் அதே மூவாயிரம். மாத்திச் சொருகிட்டேன்கா. எல்லாம் வித்தப்புறம்தான் கண்ணுல பட்டது. பதினாலு பேரைத் தேடிப் பிடிச்சு திருப்பி வாங்கிட்டேன். மீதிப் பேரையும் பிடிச்சுட்டு மாமாகிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.”

“சாயங்காலம் நானே அவர்கிட்ட சொல்லிடறேன்.”

“வேண்டாம். என்னை அடிச்சதோட போகட்டும். உன்னை அடிச்சா நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?” அவன் ஒரு சில்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். “அந்த மூவாயிரத்தையும் எங்கேயோ யாரோ மாமா மாதிரி உட்கார்ந்து எழுதினவங்கதானே. ஒருநாள் ஒருத்தர் வந்து அடிப்பார்னு நெனச்சிருக்கேன். மாமா வந்துட்டார்.”

“அவங்களே விக்கறதை நிறுத்திட்டாங்கன்னு சொல்லுவியே.”

“அது கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்றது.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு குப்பைக்கூடையை எடுக்கக் கை நீட்டினான், கை கூடைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. மறுபடி நீட்டினான். மறுபடியும் தவறியது. “அக்கா, இது என்ன...” என்றவன் மேசைமேலேயே வாந்தி எடுத்தான். கடிகாரக்காரர் ஓடிவந்து தூக்கினார். வண்டியில் அவள் மடியில் கிடந்தபடி அவன் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். அதில் ஒரு சொல்கூட அவளுக்குப் புரியவில்லை.

“எப்படி அடிபட்டது?” என்று மருத்துவர் கேட்டார்.

“வழுக்கி விழுந்துட்டான்.”

யோசிக்காமலே வந்துவிட்டது. தன் கன்னத்துக்கும் மணிக்கட்டுக்கும் அவள் பல வருடமாகச் சொல்லிப் பழகிய பதில் அது.

“எத்தனை மணிக்கு?”

“பதினொண்ணு இருக்கும்.”

மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, திறந்து பார்க்கிறோம் என்றார். திறந்தார்கள். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்து சொன்னார்கள்.

மறுநாள் காலை பிணவறை முன் நடையில் ஒரு காவலர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். வழுக்கி விழுந்ததில் தலையில் அடி என்று மருத்துவமனைத் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். கணவன் சவரம் செய்யாத முகத்தோடு வந்து அவள் பக்கத்தில் நின்றான். முழங்கையில் கட்டு போட்டிருந்தான்.

“நான் இப்படி ஆகணும்னு நெனைக்கலை” என்றான் தணிந்த குரலில். “கோவம். திருடினா யாருக்குத்தான் கோவம் வராது? நீ விழுந்துட்டான்னு சொன்னதே நல்லது. இனி இதைப் பேசி என்ன ஆகப்போகுது?”

அவள் அவனை அறைந்தாள். அவள் கையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. இரண்டாவது அறையில் அவன் உதடு கிழிந்தது. மூன்றாவதற்கு ஓங்கிய கையைப் பிடித்து முதுகுப்பக்கம் முறுக்கினான். வழக்கமாக முறுக்கும் கை அது, எந்த இடத்தில் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவள் குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள், பல் உள்ளே இறங்கும்வரை விடவில்லை. காவலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து இருவரையும் பிரித்தார்.

“அவன் திருடலை” என்றாள். அவள் வாயோரத்தில் அவன் ரத்தம் இருந்தது. “நான் கொடுத்தேன். நீங்க குளிக்கப் போனப்ப நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மூணு வருஷம் என் சம்பளத்துல ஓடின வீடு. என் தம்பிக்கு ஒண்ணு கொடுக்கக்கூடாதா?”

கணவன் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றான். “அவன் எடுத்தேன்னு சொன்னானே.”

“நான் பயந்து நின்னேன். அதனால சொன்னான்.”

“அப்ப நீ ஏன்...”

அவளுக்கு அவன்மேல் இருந்த வெறுப்பைவிடத் தன்மேல் இருந்ததே அதிகம். அந்த இரண்டு சொல்லை நேற்றுப் பதினோரு மணிக்குச் சொல்லியிருந்தால் இரண்டாம் முறை அந்தத் தலை அலமாரியில் மோதியிருக்காது. இன்று சொல்வதால் யாருக்கும் ஒன்றும் திரும்பப் போவதில்லை. அவளுக்கு வீடும் போகும். இருந்தும் சொன்னாள்.

“அம்மா” என்றார் காவலர். “விழுந்தார்னு நேத்து நீங்கதானே சொல்லியிருக்கீங்க.”

“பொய். இவர் அவன் தலையைப் பிடிச்சு இரும்பு அலமாரியில ரெண்டு தடவை மோதினார். நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“இவர் யாரு?”

“என் வீட்டுக்காரர்.”

காவலர் எழுதிய வரியின்மேல் கோடு இழுத்தார். கணவனைப் பார்த்து, போய் அந்தப் பெஞ்சில் உட்காருங்க, எழுந்திருக்கக் கூடாது என்றார். அவன் போய் உட்கார்ந்தான்.

பிரேதப் பரிசோதனை முடிந்து உள்ளேயிருந்து தம்பியைச் சக்கரப் படுக்கையில் எடுத்துவந்தார்கள். வாசலில் ஆறு படிகள் இருந்தன, சக்கரம் இறங்காது. இரண்டு ஊழியர்களும் கடிகாரக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நாலாவது ஆளுக்காகச் சுற்றிலும் பார்த்தார்கள். கணவன் எழுந்துபோய் நாலாவது முனையைப் பிடித்தான். காவலர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

அவள் அருகே போனாள். கணவனின் விரல்களை ஒவ்வொன்றாக அந்தப் பிடியிலிருந்து எடுத்துவிட்டாள். அவன் தடுக்கவில்லை.

“தூக்குங்க” என்றாள் மற்ற மூவரிடமும். தம்பி அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தான். அவள் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முதல் படியைக் காலால் தேடினாள்.