தண்டவாள ஓரத்து விரதம்

மகள் மாரியம்மா ஈப்போ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோதுதான் உடையப்பன் அந்த வேண்டுதலைச் செய்தான். பிள்ளை பிழைத்துவிட்டால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பது, அதற்கு முன் ஒரு மண்டலம் விரதம் இருப்பது. வெறும் கவிச்சியை விடுகிற விரதம் இல்லை. சிகரெட், கோப்பி, வெற்றிலை, புகையிலை என்று தன் வாய் எதையெல்லாம் தேடுகிறதோ அதையெல்லாம் விடுவதாக முருகனிடம் சொன்னான். மூளைக் காய்ச்சல் என்று டாக்டரே கையை விரித்திருந்தார். ஒரு நாள் காலையில் பிள்ளை தானாகவே கண் விழித்துத் தண்ணீர் கேட்டது.

அது எழுபத்தெட்டாம் வருடக் கடைசி. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ஆரன்மோர் தோட்டத்துச் சாலை ரயில் பாதையைக் கடக்கிற இடத்தில் உடையப்பனுக்குக் கேட் காவல் வேலை. ரயில் புறப்பட்டதும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். அவன் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு போய், இரண்டு பக்கத்துக் கேட்டையும் இழுத்துச் சாத்திப் பூட்ட வேண்டும். ரயில் போனதும் திறந்துவிட வேண்டும். ராத்திரிக்கு வேறு ஆள் வருவான். பகல் முழுக்க உடையப்பன்தான். கேட்டை ஒட்டி போன் வைத்த குடிசை, அதன் பின்னால் ரயில்வே கொடுத்த வீடு.

அந்த வேலையை அவன் எப்படிச் செய்கிறான் என்பது அவன் மனைவி செல்லாயிக்கு மட்டும்தான் தெரியும். சிறுவயதில் அவனும் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவப் போனவன். தன் நிரையில் பாதி மரம் சீவியிருக்கும்போது எங்கோ ஒரு குருவி கத்தும், கத்தியை மரத்தடியில் வைத்துவிட்டு அதன் பின்னால் போய்விடுவான். மேற்பார்வை பார்க்கிற மண்டோரின் ஏச்சு ஓயாது. பதினாறு வயதில் யாரோ கொடுத்த சிகரெட்டை இழுத்துப் பார்த்தான்.

"அதுவரைக்கும் தலைக்குள்ள பத்துப் பேரு ஒரே நேரத்துல பேசிக்கிட்டு இருந்தாங்க புள்ள. அன்னிக்குத்தான் ஒருத்தர் பேசி முடிச்சாரு, அப்புறம் இன்னொருத்தர் பேசுனாரு" என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சொன்னான். அவள் சிரித்தாள். கூட இருந்து பார்த்த பிறகு சிரிக்கவில்லை. போன் வந்ததும் அவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பான். அது எரிந்து முடிகிறவரை அவன் கையும் கண்ணும் வேறு எதிலும் போகாது. ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவே பால் சேர்க்காத கட்டியான கோப்பி ஓ, வெற்றிலை, புகையிலை. இப்படித்தான் எட்டு வருடமாக ஒரு ரயில்கூட திறந்த கேட்டைக் கடந்து போனதில்லை.

விரதம் தொடங்கிய முதல் வாரம் தலைவலியிலும் எரிச்சலிலும் போனது. இரண்டாவது வாரம் ஒரு நாள் ரயில் போன பிறகும் கேட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் சைக்கிள்கள் வரிசை பிடித்து நின்றன. ஆட்கள் சிரித்துக்கொண்டே மணி அடித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திறந்துவிட்டான்.

அடுத்தது சிரிக்கிற மாதிரி இல்லை. அன்று மழை. மழையில் மரம் சீவ முடியாது, அதனால் தோட்டத்து வேலைக்குப் போகாமல் செல்லாயி வீட்டில் இருந்தாள். போன் மணி அடித்ததும், அவன் "சரிங்க சார்" என்றதும் அவள் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தாள். கேட் திறந்தே கிடந்தது. உடையப்பன் வேலி ஓரத்தில் குனிந்து, அறுந்து தொங்கிய கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். அவள் மழையில் ஓடிப்போய் ஒரு பக்கத்தைச் சாத்தினாள். அதற்குள் அவன் பதறிப் போய் மறுபக்கத்துக்கு ஓடினான். ரயில் போன பிறகு இருவரும் நனைந்தபடி நின்றார்கள்.

"ஒண்ணே ஒண்ணு பிடிங்க. போன் வரும்போது மட்டும்" என்றாள் செல்லாயி.

"புள்ளய குடுத்திருக்காரு. அவருகிட்ட போய் நான் கணக்குப் பேசவா?"

"லீவு போடுங்க, இல்லாட்டி."

"ஒரு மாசம் எவன் லீவு குடுப்பான்? வேற ஆள போட்டா இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவான்."

அதற்குப் பிறகு அவள் தோட்டத்தில் மரம் சீவும்போதெல்லாம் ரயில் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். சத்தம் நிற்காமல் ஒரே சீராகத் தேய்ந்து போனால்தான் மூச்சு வரும்.

ஆனால் திடீரென்று அவன் சரியாகிவிட்டான். நேரத்துக்குக் கேட் சாத்தினான், திறந்தான். செல்லாயி முருகனுக்கு நன்றி சொன்னாள். ஒரு வாரம் கழித்து, தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியை நகர்த்தும்போது அடியில் வெள்ளைக் காகிதங்கள் கிடப்பதைப் பார்த்தாள். சீனர் கடையில் விற்கிற தலைவலிப் பொடி மடித்த காகிதங்கள்.

"இது மருந்துதானே" என்றான் அவன். "கடைத் தவுக்கேகிட்ட தலவலின்னு கேட்டேன், குடுத்தான். நாக்குல போட்டா கோப்பி குடிச்ச மாதிரி இருக்கு. தல நிக்குது. மருந்து விரதத்துல சேராது."

"ஒரு நாளைக்கு எத்தன போடுறீங்க?"

அவன் காகிதங்களைப் பொறுக்கி மடித்தான். அவன் விரல்கள் நடுங்குவதை அவள் அப்போதுதான் கவனித்தாள். ராத்திரியில் அவன் புரண்டு புரண்டு படுப்பதற்கும் காரணம் புரிந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். ஓடி வந்து நின்றவனுடைய நெஞ்சைப் போல அடித்துக்கொண்டிருந்தது. திட்ட நினைத்தாள். ஆனால் கேட் ஒழுங்காக மூடுகிறதே என்ற எண்ணம் வாயை அடைத்துவிட்டது.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சீனப் பெருநாள் வந்தது. டவுனில் கடைகள் எல்லாம் சிவப்புக் காகிதம் ஒட்டிப் பூட்டிக் கிடந்தன. தவுக்கே குடும்பத்தோடு பாரிட் புந்தாருக்குப் போய்விட்டான். பொடி தீர்ந்தது. உடையப்பன் இஞ்சியைக் கடித்துப் பார்த்தான். ஊசி மிளகாயை மென்று கண்ணில் நீர் வடிய உட்கார்ந்திருந்தான். அந்தக் காரம் இருக்கிறவரை தலை நிற்கும், தணிந்ததும் போய்விடும். வேலைக்குக் கிளம்பும்போது செல்லாயி அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்று பால் எடுத்து முடிந்ததும், டின்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து லாரி பால் ஸ்டோருக்குக் கிளம்பியது. ஓட்டியவர் அப்பாவு. செல்லாயி முன்பக்கம், டிரைவர் தலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளைவு திரும்பியதும் கேட் தெரிந்தது. திறந்திருந்தது. அப்பாவு வேகத்தைக் குறைக்கவில்லை.

கேட் குடிசைப் பக்கத்தில் உடையப்பன் குந்தி உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையில், முழங்காலோடு சேர்த்துப் பிடித்தபடி, சிவப்புக் கொடி இருந்தது.

போன் வராமல் அவன் கொடியை எடுக்க மாட்டான்.

செல்லாயி லாரியின் கூரையை இரண்டு கையாலும் அடித்தாள். "நிறுத்துங்க அண்ணே, நிறுத்துங்க, ரயிலு வருது."

"கேட்டு திறந்துதானே கெடக்கு" என்று உள்ளிருந்து அப்பாவுவின் குரல் வந்தது.

"நிறுத்துங்க."

அவள் அடித்த அடியில் தகரம் அதிர்ந்தது. மற்றப் பெண்களும் காரணம் தெரியாமலே கத்தினார்கள். அப்பாவு பிரேக்கை மிதித்தார். டின்கள் சரிந்தன, பால் வழிந்து பெண்களின் காலை நனைத்தது. லாரியின் மூக்கு தண்டவாளத்துக்கு ஆறடி இருக்கும்போது நின்றது. அடுத்த மூச்சில் ஹாரன் அலற, சரக்கு ரயில் முன்னால் பாய்ந்தது. பெட்டி பெட்டியாக அது போய்க்கொண்டே இருந்தது. லாரியின் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. கடைசிப் பெட்டி போன பிறகு, மறுபக்கம் உடையப்பன் கொடியோடு எழுந்து நிற்பது தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

அப்பாவு இறங்கிப் போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "பதினாலு பொம்பளைங்கடா. உன் பொண்டாட்டியும் மேலதான் நிக்குறா. என்னடா கேட்டு ஜாகா பாக்குற நீ?"

உடையப்பன் தடுக்கவில்லை. "அடிங்க அண்ணே" என்றான்.

அப்பாவுவுக்கு அடிக்கக் கை வரவில்லை. விட்டுவிட்டுத் தள்ளி நின்றார். லாரியின் மேல் ஒரு பெண் அழுதாள். அந்த நேரத்தில் குடிசைக்குள் போன் மணி அடித்தது. எதிர்ப்பக்கத்து ரயில்.

உடையப்பன் நகராமல் நின்றான். செல்லாயி கீழே குதித்து ஓடி, போனை எடுத்து, ஆண் குரல் சொன்னதற்கெல்லாம் "சரிங்க சார்" என்று சொல்லி வைத்தாள். வெளியே வந்து அப்பாவுவிடம் கை நீட்டினாள்.

"அண்ணே, ஒரு சிகரெட்டு குடுங்க."

அவர் ஒன்றும் புரியாமல் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவள் ஒன்றை உருவித் தன் உதட்டில் வைத்துத் தானே பற்றவைத்தாள். புகை ஏறி இருமல் வந்தது. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"பிடிங்க."

"வேணாம் செல்லாயி. புள்ளக்கி ஏதாச்சும் ஆயிட்டா?"

"இப்ப பதினாலு பேருக்கு ஆயிருக்கும். மிச்ச விரதத்த நான் எடுத்துக்கிறேன். பால்குடம் நான் எடுக்கிறேன். கோவம்னா முருகன் என்கிட்ட கேக்கட்டும்."

அவன் அழுதான். அவள் சிகரெட்டை அவன் வாயில் வைத்தாள். இரண்டு முறை இழுத்தான், மூன்றாவது முறை ஆழமாக இழுத்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், அப்பாவுவிடம் லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னான். இந்தப் பக்கத்துக் கேட்டைச் சாத்தினான், பூட்டினான். அந்தப் பக்கத்தைச் சாத்தினான், பூட்டினான். கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்ப்பக்கத்து ரயில் வந்து போனதும் இரண்டையும் திறந்துவிட்டான்.

ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குச் செல்லாயி பால்குடம் எடுத்தாள். உடையப்பன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான். அன்று முழுக்க அவன் புகைக்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம், பிள்ளை ஒரு தும்மல் போட்டாலும் செல்லாயி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவு புகார் செய்யவில்லை. ரயில் ஓட்டியவர் செய்திருந்தார். ஈப்போ அலுவலகத்துக்கு உடையப்பனைக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் இராஜசிங்கம் என்ற யாழ்ப்பாணத்து அதிகாரி. செல்லாயி கதவோரம் நின்றாள்.

"குடிச்சிருந்தீரோ?"

"இல்லீங்க சார். சிகரெட்ட விட்டிருந்தேன்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பொடியையும் மறைக்கவில்லை. இராஜசிங்கம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சிகரெட் இல்லாட்டி இந்த ஆளுக்குக் கேட் பூட்ட ஏலாது எண்டு நான் எப்பிடி எழுதிறது? ஆர் நம்புவினம்?"

"எழுத வேணாம் சார். என்னைய லைன் கேங்குல போட்டுடுங்க. தண்டவாளத்தப் பாத்துக்கிட்டே நடக்குற வேல. கூட நாலு பேரு இருப்பாங்க. நான் மறந்தாலும் யாரும் சாக மாட்டாங்க."

"சம்பளம் குறையும். வீடும் போகும்."

"தெரியும் சார்."

அவர் செல்லாயியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

தாப்பா ரோட் என்ற ஸ்டேஷன் ஊரில் கேங் ஆட்களுக்கான ஒற்றை அறை கிடைத்தது. உடையப்பன் காலையில் சுத்தியலோடு கிளம்பி, தண்டவாளத்தின் கட்டைக்குக் கட்டை ஆணியைத் தட்டிக்கொண்டே மைல் கணக்கில் நடந்தான். அந்த வேலை அவனுக்கு ஒத்துவந்தது. உடம்பு நடந்துகொண்டிருந்தால் தலை ஓரளவு அடங்கியது. ஆனால் சிகரெட் போகவில்லை. இருமல் வந்தது. எண்பத்தாறில் ஒரு நாள் சளியில் ரத்தம் தெரிய, செல்லாயி அவனை ஈப்போவுக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் இன்னும் கெட்டுப்போகவில்லை, ஆனால் இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். "வீட்டில யாரும் கண்டிக்கலியா?" என்று அவளைக் கேட்டார்.

"நாந்தான் வாங்கிக் குடுத்தேன் டாக்டர்" என்றாள் செல்லாயி.

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். விளக்கிச் சொல்ல அவளுக்கு நேரமும் இல்லை, சொல்லும் தெரியவில்லை.

பஸ் நிலையத்தில் உடையப்பன் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தான். "இந்தத் தடவ எந்தச் சாமிகிட்டயும் வேண்டிக்கல" என்றான். "விடுவேன், மறுபடி பிடிப்பேன், அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா விட முடியும். கத்தாத."

"கத்துவேன்" என்றாள் அவள். "அதுக்குன்னு விடாம இருந்துடாதீங்க."

தாப்பா பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான், மருந்துப் பையை அவன் பெஞ்சிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. அவனை உட்காரச் சொல்லிவிட்டு, கண்டக்டரிடம் நிற்கும்படி கேட்டுக்கொண்டு, செல்லாயி இறங்கிப் போய் எடுத்து வந்தாள்.