துவைக்காத கோட்டு

கோட்டுக்குள் இடது கை நுழைய மாட்டேன் என்றது. தேவபிரசாதம் இறந்து ஆறு மணி நேரம். உடம்பு விறைத்துவிட்டது. தன்னை ரயில்வே கறுப்புக் கோட்டோடுதான் புதைக்க வேண்டும், அதைத் துவைக்கவும் வேண்டாம் என்று சொல்லிவைத்தவர், ஊர் ஸ்டேஷனை மூடியதும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலையிலிருந்து ரிட்டயரான இந்தப் பத்து வருடத்தில் போட்ட தொந்தியை யோசிக்கவில்லை.

"முதுகுப் பக்கம் கிழிச்சிருளா. மண்ணுக்குள்ள யாரு பாக்கப் போறா?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய். துக்க வீட்டுக்கு அழுகைக்கு முன்னால் யோசனையோடு வந்துவிடுகிறவள்.

மகள் கிருபாபாய் கத்தரிக்கோலை எடுத்தாள். உள்பையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. மடித்த தாள்கள். பிரித்தால், அவள் கையெழுத்து. 'எங்கள் ஊர் ஸ்டேஷனை மூட வேண்டாம்' என்று தொடங்கும் மனு. கீழே இருநூற்றுப் பன்னிரண்டு பேர், பாதிக்கு மேல் கைநாட்டு. ஆபீஸ் முத்திரை எங்கும் இல்லை.

அறுபத்து நான்காம் வருடம் அவளுக்குத் தூத்துக்குடியில் டீச்சர் டிரெயினிங் கிடைத்திருந்தது. வயசுப் பெண் ஹாஸ்டலில் தங்கக்கூடாது என்றார் அப்பா. காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்பலாம் என்று முடிவான மாதமே ஸ்டேஷனை மூடும் பேச்சு வந்தது. தேரிச் செம்மணலில் வீடுவீடாக அலைந்து கைநாட்டு வாங்கியவள் அவள்தான். மதுரை ரயில்வே ஆபீசுக்குப் போய்த் தன் கையாலேயே மனுவைக் கொடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். வரும்போது அல்வா வேறு வாங்கி வந்தார்.

மனுவுக்குப் பதில் வருமென்று மூன்று வருடம் அவள் தபால்காரனைப் பார்த்து வாசலில் நின்றாள். தெரு வேறு கதை கட்டியது. முதலில் கட்டியவள் செல்லத்தாய்.

"என்ன தாளுளா அது?" செல்லத்தாய் கழுத்தை நீட்டினாள்.

"பழைய தாளுக்கா." கிருபாபாய் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கோட்டை முதுகில் நேராகக் கிழித்தாள். முன்பக்கப் பொத்தான்களை ஒன்று விடாமல் மாட்டினாள்.

வாசலில் கடைக்காரர் காசிலிங்கம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஊருக்காக மதுரை வரைக்கும் போயி மல்லுக்கட்டுன மனுசன். அவனுவ கேக்கலியே."

"கேக்காததும் நல்லதுதான் அண்ணாச்சி," என்றாள் செல்லத்தாய். "இவ படிக்கப் போயிருந்தா, பொஞ்சாதி இல்லாத மனுசனுக்கு ஆரு சோறு பொங்குவா? 'கர்த்தர் பாத்துச் செஞ்சாரு செல்லத்தாயி'ன்னு அவரே எங்கிட்ட சொல்லியிருக்காரு."

கிருபாபாய் இடுப்பில் இருந்த தாளை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தோள் மாற்றப் பெட்டியை மூடிக் கிடந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இறக்கினார்கள். ஊருக்காக வழக்காடிய அடியானுக்காகச் சர்ச் உபதேசியார் ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது கிருபாபாய் டிக்கெட் சன்னலுக்குப் போனாள். கம்பிக்கு அடியில் இருந்த அரைவட்ட ஓட்டை வழியாக மனுவை உள்ளே தள்ளினாள். அது எதிலோ பட்டு விழுந்தது.

"ஏளா, அங்கன என்ன செய்யுத? பெட்டியத் தூக்கியாச்சு," என்று கூப்பிட்டாள் செல்லத்தாய்.

கிருபாபாய் திரும்பவில்லை. உள்ளங்கையை விரித்து, டிக்கெட்டுக்கு நிற்பவளைப் போல ஓட்டைக்குள் நீட்டியபடியே நின்றாள்.