குதிரைகளுக்குப் பின்னால் செனட்டர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. அகத்தூண்டுதல் அது இது என்று அளக்க எனக்குத் தெம்பில்லை.

இருபத்திரண்டு வருஷம் இன்னொருவர் பெயரில் எழுதினவள் நான். செனட்டர் வெர்னன் லெய்கர் பேசிய பேச்சு, அனுப்பிய வாழ்த்து, துக்கக் கடிதம் எல்லாம் என் கை. அடியில் இருக்கும் கையெழுத்தை ஒரு மெஷின் போடும். ஜோலீன் வெய்கல் என்ற என் சொந்தப் பெயரில் எழுதும் முதல் சமாச்சாரம் இதுதான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

கன்சாஸின் பொன்னிறக் கோதுமை வயல்களின் மேல் சூரியன்

வேண்டாம். ஜூலை நாலாம் தேதிக்குள் எங்கள் பக்கம் அறுவடை முடிந்து வயலெல்லாம் மொட்டையாகக் கிடக்கும். இதைப் படித்தால் எங்கள் ஊர் மில்பெர்க்கில் என் மானம் போய்விடும்.

2

செனட்டருக்கு எழுபத்து நாலு வயது. முப்பது வருஷமாகப் பதவியில் இருக்கிறார். எதிர்க்கட்சியால் அவரை அசைக்க முடிந்ததே இல்லை. இந்தத் தடவை ஆபத்து சொந்த வீட்டுக்குள்ளிருந்து வந்தது. யார் வேட்பாளர் என்று கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் தேர்தல் ஆகஸ்டில். அதில் அவரை எதிர்த்து டிரெவர் ஸ்டால் என்ற நாற்பத்திரண்டு வயதுக்காரரை, கட்சியின் பழமைவாதிகள் தேடிப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள்.

குற்றச்சாட்டு ஒன்றுதான். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளை மூடாமல் காப்பாற்றும் மசோதாவுக்கு, செனட்டர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஓட்டுப் போட்டுவிட்டார். அதற்குப் பெயர் துரோகமாம்.*

(*மில்பெர்க் ஆஸ்பத்திரியும் அந்த ஓட்டில்தான் பிழைத்தது. அடுத்த பகுதியில் வரப்போகிற கட்சிக்காரர் ரோலண்டின் பேத்தி அங்கேதான் பிறந்தாள். இதைக் கதைக்குள் எழுதி அடித்துவிட்டேன். "சும்மா கதை விடாதே" என்பீர்கள்.)

3

ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்தில் கொடிக்கு அடுத்த இடம் முப்பது வருஷமாக அவருடையது. கடைசியில் குதிரைகள். குதிரைகளுக்குப் பின்னால் சாணி அள்ளும் வண்டி. ஏன் கடைசி என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

இந்த வருஷம் ஊர்வலக் கமிட்டி, கட்சியின் கவுண்டித் தலைவர், அதாவது மாவட்டத் தலைவர், ரோலண்ட் குன்ஸ் கையில். ரோலண்ட் ஸ்டாலின் ஆள்... இல்லை, பெயர் குழப்புகிறது. ரோலண்ட், டிரெவருடைய ஆள். பட்டியலில் செனட்டருக்கு நாற்பத்தேழாம் நம்பர்.

ஊர்வலம் கிளம்பும் தேவாலயத்து வாசலில் செனட்டர், கறியும் முட்டைக்கோஸும் அடைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன ரோலண்ட், குதிரைக்கு அப்புறம் சாணி வண்டிதானேய்யா வரும்?"

"வண்டிக்கு நாப்பத்தெட்டு, செனட்டர். உங்களை அதுக்கு முன்னாடிதான் வச்சிருக்கோம். மரியாதையில குறை வைப்போமா?"

"நல்லா வச்சே மரியாதை."

ரோலண்ட் குரலைத் தாழ்த்தினார். "ஊர்வலம் முடிஞ்சதும் மேடையில ஒரே வார்த்தை. 'அந்த ஓட்டு தப்புதான்'னு சொல்லுங்க. கவுண்டி கமிட்டி டிரெவர் பக்கம் சாயாம நான் பார்த்துக்கறேன். சரின்னு தலையாட்டுங்க, இப்பவே கொடிக்குப் பின்னாடி கொண்டுபோய் நிறுத்தறேன்."

"மாட்டேன்னா?"

"கீழ பார்த்து நடங்க."

செனட்டர் தலையாட்டவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஜோலீன், ரெண்டு பேச்சும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"தப்புன்னு சொல்றது வலது பாக்கெட். தப்பில்லன்னு சொல்றது இடது. நடந்துகிட்டே முடிவு பண்றேன்."

"உங்க முழங்கால்ல நடக்க முடியுமா? ஒரு சின்ன வண்டி சொல்லட்டுமா?"

"வண்டியில உட்கார்ந்து வர்ற கிழவனுக்கு இந்த ஊர்ல எவன் ஓட்டுப் போடுவான்? பேப்பரை வை."

வைத்தேன்.

4

ஒரு பிரதியில் அவர் முழங்காலைக் குணப்படுத்தினேன். எழுதுகிறவளுக்கு அது ஒரு வரி வேலை. இன்னொன்றில் ஒரு குதிரை ரோலண்டை உதைத்தது. சந்தோஷமாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. ஒரு மைல் தூரம் அவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். மூன்றாவது தெருவிலேயே மிதித்துவிட்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தர் கத்தினார்.

"என்ன செனட்டர், வாஷிங்டன் வாசம் அடிக்குதா?"

"அங்க இதைவிட மோசம்ப்பா! அள்றதுக்கு வண்டியே கிடையாது!"

சில பேர் சிரித்தார்கள். முன்பெல்லாம் தெருவே சிரிக்கும். அவர் பூட்ஸை நடைபாதை ஓரத்தில் தேய்த்துவிட்டு மறுபடி நடந்தார். நான் பக்கத்தில் நடந்தேன், எனக்கு அழுகையாக வந்தது.

அவருக்காக மட்டும் வந்த அழுகை இல்லை அது.

5

இனிமேல் தள்ளிப்போட முடியாது. இரண்டு பாக்கெட்டிலும் நான் வைத்தது ஒரே பேச்சு. "அந்த ஓட்டு தப்புதான்" என்கிற பேச்சு.

ஏன் என்று கேட்பீர்கள். அவர் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் தோற்றால் யார் பெயரில் எழுதுவேன் என்று பயமாகவும் இருந்தது. (இந்த இரண்டில் எது முதல் காரணம் என்று நாலு பிரதிகளில் நாலு விதமாக எழுதியிருக்கிறேன்.) வாக்கியம் என்னுடையதாகவே இருந்து இருந்து, வாய் அவருடையது என்பது மறந்துவிட்டது.

ஊர்வலம் முடிந்து, பந்தல் மேடையில் மைக் முன்னால் நின்றார். முன்வரிசையில் ரோலண்டும் டிரெவர் ஸ்டாலும். செனட்டர் இரண்டு தரம் மூச்சு வாங்கினார்.

பிறகு இடது பாக்கெட்டில் கை விட்டார்.

இடது! அந்த ஒரு மைலில் அவர் முடிவு செய்துவிட்டிருந்தார்.

கண்ணாடியைப் போட்டுப் படித்தார். நெற்றி சுருங்கியது. வலது பாக்கெட்டிலிருந்து அடுத்ததை எடுத்தார். அதையும் படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ரொம்பக் களைத்த ஒரு மனுஷன், "நீயுமா அப்படி நினைக்கிறே?" என்று கேட்கிற பார்வை அது.

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவர் "தப்பில்லை" என்கிறார், பந்தல் எழுந்து நிற்கிறது. எங்கள் பந்தல் அப்படியெல்லாம் எழுந்து நிற்காது. இன்னொன்றில் என் காகிதத்தையே படித்துவிடுகிறார். மூன்றாவதில் வெயில் தாங்காமல் மயங்கி

அது கோழைத்தனம்.

ஆகஸ்டில் யார் ஜெயித்தார் என்பது பேப்பரில் வந்த செய்தி. அது இந்தக் கதைக்கு முடிவு ஆகாது. என் முடிவு அந்த மைக்கில் இருக்கிறது. அவர் இரண்டு காகிதத்தையும் மடித்து உள்ளே வைத்துவிட்டு, "இன்னிக்கு எழுதிக் கொடுத்தது எதுவும் இல்ல, நானே பேசறேன்" என்றார். பேசினது நாலே வரி. எனக்கு மனப்பாடம். காகிதங்களைப் பற்றி அவர் என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த நாலு வரியை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு சொல்லையாவது திருத்திவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பூட்ஸில் சாணி, வலிக்கிற முழங்கால், பாக்கெட்டில் உங்களை நம்பாத ஒருத்தியின் இரண்டு காகிதம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

செனட்டர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துச் சொன்னார்:

"