ஒரு மாதம் தொடாத பலகைகள்

மினசோட்டாவில் ஒரு பள்ளி விளையாட்டரங்குக்கு மரத்தரை தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு லோர்னா தலைவி. சிமெண்ட் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுவதால், எந்த மரம் சூட்டில் சுருங்குகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. மேப்பிள், ஓக், ஒட்டுப்பலகை என மூன்று துண்டுகளைக் கூட்டம் நடக்கும் அறையின் வாசலோரம், குழாய்ச் சூடு படும் தரையில் போட்டு, "ஒரு மாசத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டாள்.

வாரந்தோறும் கூட்டத்தில் குழு உறுப்பினர்களான ஆர்விட் மேப்பிளுக்காகவும் டுவேன் ஒட்டுப்பலகைக்காகவும் மல்லுக்கட்டினார்கள்.

மாதம் முடிந்ததும் இருவரும் துண்டுகளைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார்கள். ஒன்றுகூடச் சுருங்கவில்லை. மூன்றும் ஊதிப்போயிருந்தன.

"உன் மேப்பிள் படகு மாதிரி வளைஞ்சிருக்கு. ஏறி மீன் பிடிக்கப் போலாம்யா," என்றான் டுவேன்.

"உன்னோடது மட்டும் என்னவாம்? வெங்காயம் மாதிரி உரிஞ்சு கெடக்கு!"

லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாய மூடுங்கய்யா ரெண்டு பேரும்! சூட்டுல மரம் சுருங்கும், ஊதாது. எவனோ தண்ணி ஊத்தியிருக்கான். யாருய்யா அது?"

எல்லோரும் தங்கள் காலுறைகளையே பார்த்தார்கள்.

"பலகைய எடுக்கும்போது அதுமேல இருந்ததத்தான் ஓரமா வெச்சேன்," என்று ஆர்விட் வாசலைக் காட்டினான்.

பனி உருகிச் சொட்டச் சொட்ட ஆறு ஜோடி பூட்ஸ். வாராவாரம் உள்ளே வந்ததும் கழற்றி, கதகதப்பான இடமாகப் பார்த்து வைத்தவை. ஓக் துண்டின் மேல் இருந்த சிவப்பு ஜோடி லோர்னாவுடையது.

அவள் போய்த் தன் பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"ஓக்கையே போட்டுடலாம்," என்றாள். "பூட்ஸ உள்ள நல்லா காய வெச்சிருக்கு."